அவங்கவங்க வாயால சொல்லணும்

உக்காருங்க ஹவில்தார். அந்தச் சேர் வேணாம், ஒரு பக்கம் ஆடும். கட்டில்லயே உக்காருங்க. ரிட்டையராயி வந்துட்டா யாரு ஹவில்தார், யாரு சுபேதார். இருந்தாலும் வாயில அதான் வருது. இன்னா அப்படிப் பாக்கறீங்க? வேலூர் வெயில்ல சாக்ஸ் மாட்டிக்கினு உக்காந்திருக்கேனேன்னா? அது கிடக்குது. அப்புறம் சொல்றேன்.

பைபாஸ் ஆஸ்பத்திரியில வேலை காலியா இருக்குதுன்னு கேள்விப்பட்டு வந்திருக்கீங்க. காலிதான். நான்தான் காலி பண்ணேன். யாரும் என்னை அனுப்பல, அதை முதல்ல தெரிஞ்சிக்கோங்க. வெளிய வேற மாதிரி பேசிக்கிறாங்க. பொம்பளைங்க எல்லாம் சேந்து மிலிட்டரிக்காரன ஓட வெச்சிட்டாங்கன்னு தெருமுனை சலூன்லயே பேச்சாம். பேசட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல. கோவம் வருதான்னு பாக்கறேன், அதுகூட வரமாட்டேங்குது. காலைல எழுந்திருக்கிறேன், ஷேவ் பண்றேன், இந்தத் திண்டுல சாஞ்சிக்கினு உக்காந்திருக்கேன். அவ்வளவுதான்.

நீங்க நம்ம ஆளு. சார்ஜ் ஒப்படைக்கிறப்ப உள்ளத உள்ளபடி சொல்லிடணும்ல. அதனால சொல்றேன், கேட்டுக்கோங்க.

அந்த ஆஸ்பத்திரி பெரிய டாக்டர் இருக்காரே, நல்ல மனுஷன். எங்கயோ சென்னையில ஒரு கிளாஸுக்குப் போயிருக்காரு. கம்பெனிய எப்படி நடத்தறதுன்னு. அங்க யாரோ ஒரு ரிட்டையர்டு கர்னல் வந்து பேசியிருக்காரு. இவரு அப்படியே சொக்கிப் போயிட்டாரு. என்னைக் கூப்பிட்டு, "சாப், என் ஆஸ்பத்திரி சந்தை மாதிரி இருக்குது. எனக்கு மிலிட்டரி மாதிரி வேணும்"னாரு. ஹவுஸ்கீப்பிங் முழுக்க உங்க பொறுப்புன்னாரு. ஹவுஸ்கீப்பிங்னா பெருக்கறது, துடைக்கறது, வார்டு குப்பைய எடுக்கறது, ஆபரேஷன் தியேட்டர் கழிவ பைல கட்டி கொண்டுபோயி குடுக்கறது. எல்லாம் பொம்பளைங்க. சுத்துப்பட்டு ஊர்ல இருந்து ஷேர் ஆட்டோவுல வர்றவங்க.

முதல் நாள் நான் போறப்ப பஸ் ஸ்டாண்டு மாதிரி நின்னுக்கினு இருந்தாங்க. ஒருத்தி பூ கட்டறா. ஒருத்தி வாயில வெத்தலை. நான் கார் ஷெட்ல எல்லாரையும் நிக்க வெச்சு ஃபால்-இன்னா இன்னான்னு சொல்லிக் குடுத்தேன். பேர் கூப்பிட்டா உள்ளேன்னு சொல்லணும். நகம் காட்டணும். தலைய முடிஞ்சிருக்கணும். முன் வரிசையில ஒருத்தி, அம்பது வயசு இருக்கும், பூங்காவனம்னு பேரு. கைய நீட்டி நகத்தக் காட்டிக்கினே கேக்கறா, "சார், துப்பாக்கி எப்ப குடுப்பீங்க?"

எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. சிரிச்சா போச்சு, உங்களுக்கே தெரியும்.

ஆனா ஹவில்தார், படிஞ்சு வந்தாங்க. சிவிலியன்னா சொன்ன பேச்சு கேக்கமாட்டான்னு நாம நெனைக்கிறோம். அது தப்பு. கேப்பாங்க. நம்ம ஜவான் மாதிரி முறைச்சுக்கினு கேக்கமாட்டாங்க, தலைய ஆட்டிக்கினே கேப்பாங்க. கொஞ்ச நாள்லயே வார்டு கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. பெரிய டாக்டர் செருப்பக் கழட்டி வெறுங்கால்ல நடந்து பாத்தாரு.

அப்புறம்தான் ஜோடி முறை கொண்டாந்தேன். நம்ம 'பட்டி' சிஸ்டம்தான், ஆளுக்கு ஒரு கூட்டாளி. அந்தப் பேரு அவங்க வாயில நுழையல, ஜோடின்னு வெச்சேன். ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சேன். உன் ஜோடிக்கு நீ பொறுப்பு. ஒருத்தி லேட்டா வந்தா ரெண்டு பேரும் ஃபால்-இன் முடிஞ்சும் வெயில்ல நிக்கணும். ஒருத்தி வரலன்னா இன்னொருத்தி ரெண்டு ஆள் வேலையையும் பாக்கணும். சாப்பிடப் போறதும் சேந்துதான். ஒருத்திய விட்டு ஒருத்தி சாப்பிடக் கூடாது.

ஏன்னு கேட்டாங்க. அப்பத்தான் பனிமலை கதைய சொன்னேன். கிளேசியர்ல நான் இருந்த போஸ்டு. என் ஜோடி தங்கராஜ், மார்த்தாண்டம் பக்கத்து ஆளு. டென்டுக்குள்ள வந்ததும் முதல் வேலை, அவன் பூட்ஸ நான் கழட்டுவேன், என் பூட்ஸ அவன் கழட்டுவான். சாக்ஸ உருவிப்போட்டு ஒவ்வொரு விரலா பாக்கணும். ஏன்னா அங்க கால் கெட்டுப்போனா வலிக்காது. வலிச்சா நல்லது, உசுரு இருக்குன்னு அர்த்தம். வலிக்கலன்னாதான் பயப்படணும். தன் கால் போறது தனக்குத் தெரியாது, பக்கத்துல இருக்கறவன்தான் பாக்கணும். எனக்கு அப்படித்தான் ரெண்டு விரலோட போச்சு. தங்கராஜ் பாக்கலன்னா பாதமே போயிருக்கும். இதை நான் கார் ஷெட்ல நின்னு சொல்றேன். வெத்தல போடறவகூட மெல்லறத நிறுத்திட்டா.

பூங்காவனத்துக்கு ஷகிலாவ ஜோடி போட்டேன். ஷகிலா சின்னப் பொண்ணு, பேரணாம்பட்டுல இருந்து வர்றவ, அதிகம் பேசாது. அந்தம்மா வாய் ஓயாது. சரியா இருக்கும்னு போட்டேன். சரியாத்தான் இருந்துச்சு. அம்மாவும் பொண்ணும் மாதிரி ஆயிட்டாங்க. "எங்க வீட்டுக்காரு இருவது வருஷத்துல என்னை சாப்பிட்டியான்னு கேட்டதில்ல, இது கேக்குது"ன்னு பூங்காவனம் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சா.

இன்னொண்ணும் கொண்டாந்தேன், தர்பார். மாசத்துல ஒரு சனிக்கிழமை. யாருக்கு இன்னா குறையோ எந்திரிச்சு சொல்லலாம். ஆனா நம்ம ரூல்தான். அவங்கவங்க குறைய அவங்கவங்க வாயால சொல்லணும். ஒருத்திக்காக இன்னொருத்தி பேசக் கூடாது. சேந்து வந்து நிக்கறது, மொத்தமா கையெழுத்துப் போட்டுக் குடுக்கறது, அதெல்லாம் கிடையாது. நம்ம பட்டாளத்துல உண்டா? இல்லல்ல. அதுல ஆரம்பிச்சாத்தான் யூனியன், கொடி எல்லாம் வரும். பெரிய டாக்டருக்கு இந்த ரூல்தான் ரொம்பப் பிடிச்சுது.

தர்பார்ல யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. எல்லாம் சரியா இருக்குன்னுதானே அர்த்தம்.

ஆஸ்பத்திரி தரத்தப் பாத்து சர்ட்டிஃபிகேட் குடுக்கறதுக்கு ஆள் வர்றாங்கன்னு ஒரு பேச்சு வந்துச்சு. டெல்லியில இருந்து. ஆஸ்பத்திரியே பரபரன்னு ஆயிடுச்சு. கழிவு எடுக்கறவங்க முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கணும்னு ரூல் இருக்குது. ரூல்ல இருக்குது, யாரும் போட்டதில்ல. நான் எல்லாரையும் போட வெச்சேன். காலைல மாட்டுனா ட்யூட்டி முடியறவரைக்கும் கழட்டக் கூடாது. சைஸு கொஞ்சம் முன்ன பின்ன இருந்துச்சு. மொத்தமா வாங்குனது. பட்டாளத்துல எனக்கு முதல்ல குடுத்த பூட்ஸே ஒரு சைஸு பெரிசு, பேப்பர் வெச்சுக்கினு நடந்தேன்.

அப்பத்தான் ஒரு நாள் ஷகிலா என் ரூமுக்கு வந்து நின்னா. தனியா. "சார், பூங்காவனம் அக்கா கால்ல புண்ணு இருக்குது சார். சுண்டுவிரலுக்குக் கீழ. சீழ் வச்சிருக்குது. நான் பாத்தேன்"னா.

நீ எப்படி பாத்தேன்னேன்.

"நீங்கதான் சார் சொன்னீங்க. தினம் ட்யூட்டி முடிஞ்சதும் நான் அக்கா கால பாப்பேன், அக்கா என் கால பாக்கும்."

நெஜமா சொல்றேன், அன்னிக்கு எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. நான் சொன்னத ஒருத்தி அப்படியே செஞ்சிருக்கா. எத்தனை ஜவானுக்கு சொல்லியிருக்கேன், எவன் இப்படி செஞ்சான். முதுகுல தட்டிக் குடுக்கலாம் போல இருந்துச்சு. ஆனா ரூல் ரூல்தான். "அந்தம்மா வந்து சொல்லட்டும். அவங்களுக்காக நீ சொல்லக் கூடாது. நாளைக்கு சனிக்கிழமை, தர்பார்ல நானே கேக்கறேன்"னு சொன்னேன். அவ போகல. கதவுகிட்டயே நின்னா. "அக்கா சொல்லாது சார். அதுக்கு சுகர் இருக்குது. வலியே தெரியலங்குது"ன்னா. சரி போன்னேன். போயிட்டா.

நான் சொன்ன வார்த்தைய மீறல ஹவில்தார். அடுத்த நாள் தர்பார்ல எல்லாரும் நிக்கறப்ப பேரச் சொல்லியே கூப்பிட்டேன். "பூங்காவனம், உங்களுக்கு ஏதாவது உடம்புக்கு இருக்கா? லீவு வேணுமா? தைரியமா சொல்லலாம்." அந்தம்மா பக்கத்துல நின்ன ஷகிலாவ ஒரு பார்வை பாத்தா. அப்புறம் என்னைப் பாத்து, "ஒண்ணுமில்ல சார்"னா. நான் இன்னொரு தடவை கேட்டேன். "நல்லா இருக்கேன் சார். துப்பாக்கிதான் இன்னும் வரல"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. ஷகிலா சிரிக்கல.

இதுக்கு மேல நான் இன்னா கேக்கறது? நீங்களே சொல்லுங்க. நானா பூட்ஸ கழட்டிப் பாக்க முடியும்? பொம்பளை.

டெல்லிக்காரங்க வந்தாங்க, பாத்தாங்க, பாஸாயிடுச்சு. கழிவு ரூமு பக்கம் வந்தப்ப பூங்காவனம் பூட்ஸ் போட்டுக்கினு விறைப்பா நின்னுக்கினு இருந்தா. அதை போட்டோகூட எடுத்தாங்க. பெரிய டாக்டர் அந்த சந்தோஷத்துல என்னைக் கூட்டிக்கினு போயி ஒரு ஓட்டல் ஹால்ல பேச வெச்சாரு. நாலஞ்சு ஆஸ்பத்திரி, ரெண்டு ஷூ கம்பெனி, எல்லாத்துலருந்தும் மேனேஜருங்க. பட்டாளத்துல இருந்து நாம கத்துக்க வேண்டியது இன்னான்னு தலைப்பு. நான் பனிமலை கதைய சொன்னேன். ஒரு கண்ணாடி போட்ட ஆளு எழுந்து, "சார், ஒரு சிப்பாய் தன் கஷ்டத்த மறைச்சா இன்னா பண்ணுவீங்க?"ன்னு கேட்டாரு. "அதுக்குத்தான் ஜோடி. அவன் மறைச்சா ஜோடி சொல்லிடுவான்"னேன். கை தட்டுனாங்க. ரொம்ப நேரம் தட்டுனாங்க. ஒரு சால்வை போத்துனாங்க. அதோ, அந்தக் கொடியில கிடக்குது பாருங்க, அதான்.

அந்த வாரத்துலயே பூங்காவனம் மருந்து ரூம் வாசல்ல விழுந்துட்டா. காய்ச்சல் அனல் மாதிரி. பூட்ஸ கழட்ட முடியல, நர்ஸு கத்திரி வெச்சு வெட்டி எடுத்தா. எங்க ஆஸ்பத்திரியிலயே சேத்தாங்க. முதல்ல விரல்னாங்க. அப்புறம் பாதம்னாங்க. கடைசியில முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. நல்லாத்தான் செஞ்சாங்க, டாக்டர் மேல ஒண்ணும் சொல்ல முடியாது.

நான் வார்டுக்குப் போய் பாக்கல. போகணும்னு தோணல. தோணலன்னா, ஒண்ணுமே தோணல. ரூம்ல உக்காந்து அடுத்த வாரத்து ட்யூட்டி போட்டேன். ஷகிலாவுக்கு யாரை ஜோடி போடறதுன்னு யோசிச்சுக்கினு இருந்தேன்.

மறுநாள் காலைல ஃபால்-இன். எல்லாரும் வரிசையா வந்து நின்னாங்க. பேர் கூப்பிட்டேன், உள்ளேன் சொன்னாங்க. பூங்காவனம் பேர தாண்டிப் போயிட்டேன். விறைப்பா நிக்கச் சொல்லி சாவ்தான்னு குரல் குடுத்தேன். ஷகிலா மட்டும் கீழ உக்காந்தா. கார் ஷெட்டு சிமெண்டு தரையில. உக்காந்து பூட்ஸ கழட்டுனா. பக்கத்துல இருந்தவ அவ முன்னாடி உக்காந்து அவ கால எடுத்து மடியில வெச்சிக்கினா. அப்புறம் பின் வரிசை. அப்புறம் எல்லாரும். ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து ஒருத்தி பூட்ஸ ஒருத்தி கழட்டி, விரல் விரலா பிரிச்சுப் பாக்கறாங்க.

ஒருத்தியும் ஒரு வார்த்தை என்னைச் சொல்லல. கோஷம் இல்ல, சண்டை இல்ல. நான் இன்னொரு தடவை சாவ்தான் சொன்னேன். யாரும் நிமிரல. "இங்க வலிக்குதாக்கா?"ன்னு ஒருத்தி கேக்கறா. "இல்லடி." "இங்க?" "அங்க வலிக்குது." "சரி, வலிச்சா நல்லது"ங்கறா அவ. என் வார்த்தை அது. நான் சொல்லிக் குடுத்தது. எனக்கு முதுகக் காட்டிக்கினு உக்காந்து அதைச் சொல்றா.

எல்லாம் பாத்து முடிச்சு, பூட்ஸ வரிசையா வெச்சிட்டு, அவங்கவங்க செருப்ப மாட்டிக்கினு வேலைக்குப் போயிட்டாங்க. வேலைய விடல, அதான் எனக்கு இன்னி வரைக்கும் புரியல. ஸ்ட்ரைக்குன்னா ஸ்ட்ரைக்குன்னு ரிப்போர்ட் பண்ணலாம். இதுக்கு நான் இன்னான்னு எழுதறது? ஷெட்ல பூட்ஸுங்க மட்டும் நின்னுச்சு, அதுங்க முன்னாடி நான் நின்னேன்.

பெரிய டாக்டர்கிட்ட போனேன். இது ஒழுங்கீனம், நடவடிக்கை எடுக்கணும்னேன். அவரு கண்ணாடிய கழட்டித் துடைச்சிக்கினே, "சாப், கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க. அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை தன்மையா பேசுங்க"ன்னாரு. மிலிட்டரி வேணும்னு கேட்ட அதே வாய். நான் சல்யூட் அடிச்சிட்டு வந்துட்டேன். அதோட சரி.

ஒரு தடவை பூங்காவனம் வீட்டுக்குப் போனேன். வேலைய விட்டப்புறம்தான். ஏன் போனேன்னு தெரியல. பஸ்ஸு அந்த ஊர்ல நின்னுச்சு, இறங்கிட்டேன். கட்டில்ல உக்காந்திருந்தா. ஷகிலா கீழ உக்காந்து அந்த இன்னொரு கால மடியில வெச்சு எண்ணெ தடவிக்கினு இருந்தா. அவ ஊரு எங்க, இந்த ஊரு எங்க, ட்யூட்டி முடிச்சு ரெண்டு பஸ்ஸு மாறி வர்றாளாம். என்னைப் பாத்ததும் எழுந்திரிக்கல. பூங்காவனம்தான், "வாங்க சார். இனிமே ஃபால்-இன்னு நின்னா ஒத்தக் கால்லதான் நிப்பேன், தனியா தண்டனை குடுக்க வேணாம் நீங்க"ன்னா. சிரிச்சா. அந்தம்மா அப்படித்தான்.

நான் கேட்டேன். "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் ரெண்டு தடவை கேட்டேனேம்மா. ஏன் சொல்லல?"

அந்தம்மா சிரிப்ப நிறுத்திட்டா. "கேட்டீங்க சார். இல்லன்னு சொல்லல. எனக்கு வலிக்கல, வலிக்குதுன்னு எப்படி சொல்றது? அப்புறம் நான் வீட்டுல படுத்தா இந்தப் பொண்ணு ரெண்டு ஆள் வேலை பாக்கணும். அத்தினி பேர் முன்னாடி நிக்க வெச்சு கேட்டா நான் இன்னா சார் சொல்லுவேன்?"

கேட்டீங்கன்னு அந்தம்மாவே ஒத்துக்கிச்சு பாருங்க. அதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

கிளம்பறப்ப ஷகிலா தலையத் தூக்காமயே சொன்னா. "நான் சொன்னேன் சார்."

அவ்வளவுதான். அவ சொன்னா, நான் இல்லங்கல. ஆனா அது அவ கால் இல்லியே ஹவில்தார். அவங்கவங்க வாயால சொல்லணும்ல.

இன்னா கேட்டீங்க? என் காலா? தங்கராஜ் பாத்தப்ப நான் இன்னா சொன்னேன்னா?

நான் இன்னா சொல்லுவேன். ஒண்ணுமில்லன்னுதான் சொன்னேன். கேப்டன் சாப் ரேடியோவுல கேட்டாரு, எல்லாம் ஓகேவான்னு. ஓகே சாப்னேன். விரலு கறுத்துக் கிடக்குது, ஓகேங்கறேன். நான் இறங்கிட்டா அந்த போஸ்டுல ஆள் குறையும். தங்கராஜ் என் கையில இருந்து ரேடியோவப் பிடுங்கி, "பொய் சொல்றான் சாப். கால் போயிடும். ஹெலிகாப்டர் அனுப்புங்க"ன்னான். அனுப்பிட்டாங்க. நான் அவன்கிட்ட எத்தனையோ காலம் பேசல. என்னைப் பத்தி சொல்ல அவன் யாருன்னு. இப்பவும் போன் பண்ணுவான். கால் எப்படி இருக்குன்னுதான் முதல்ல கேப்பான். நல்லா இருக்குன்னுவேன்.

நீங்க அப்படி தலையக் குனிஞ்சுக்க வேணாம். நான் ஒண்ணும் வருத்தப்படல. சொன்னேனே, ஒண்ணும் வரமாட்டேங்குது.

வேலைக்குப் போங்க. நல்ல வேலை. பெரிய டாக்டர் தங்கமான மனுஷன். ஃபால்-இன் மட்டும் விட்டுடாதீங்க. ஷகிலா அங்கதான் இருக்கா. திரும்ப யாருக்காகவாவது வந்து கதவுகிட்ட நிப்பா. நின்னா, நம்ம ரூல் உங்களுக்குத் தெரியும்.

கிளம்பறீங்களா? இருங்க, ஒரு ஒத்தாசை. இந்த சாக்ஸ கொஞ்சம் கழட்டி விடுங்க. என்னால குனிய முடியல. எனக்கும் இப்ப சுகர் வந்துடுச்சு. விரல் போன கால்ல அன்னிலருந்தே உணர்ச்சி கம்மி, இப்ப சுத்தமா இல்ல. வீட்டுல என் சம்சாரம் தினம் பாக்கறேன்னு வருவா, நான் ஒண்ணுமில்லன்னு அனுப்பிடுவேன். நீங்க பட்டாளத்து ஆளு, உங்களுக்கு பாக்கத் தெரியும். அப்படித்தான், மெதுவா உருவுங்க. அடிப்பக்கம் பாருங்க. குதிகால்கிட்ட.

இன்னா ஹவில்தார், பேசாம இருக்கீங்க? ஏதாவது இருக்குதா?